மூணு தடவை அலசின துணி

— அப்பா... இந்தத் துணியைத் துவைச்சீங்களா?

— துவைச்சேனாவா? பிரிச்சுப் பாரு பாப்பா! ஜன்னல் பக்கம் காட்டு. கண்ணு கூசும்!

— துவைச்சீங்களா, இல்லையா?

— ஊற வச்சு, துவைச்சு, மூணு தடவை அலசி, நீலம் போட்டு, மடிப்பு மடிப்பா இஸ்திரி போட்டு... இருபது வருஷ வாடிக்கைக்காரங்களுக்குக்கூட நான் இவ்வளவு செஞ்சதில்ல.

— ஐயோ... ஐயோ அப்பா...

— என்ன ஐயோ? மேடையில தொங்கப் போற துணி. ஓரத்துல மஞ்சளா ஒரு கறை வேற. லாண்ட்ரிக்காரர் பொண்ணு கறைத் துணியை மாட்டியிருக்கான்னு நாலு பேரு பேசவா?

— நான் என்ன சொன்னேன்? வேன்ல போட்டு எடுத்துட்டு வாங்கன்னு மட்டும்தானே சொன்னேன்?

— என் கையில துணியைக் கொடுத்துட்டு சும்மா எடுத்துட்டு வான்னா? முடிவெட்டறவர் கையில தலையைக் கொடுத்துட்டு சும்மா தடவிக் கொடுங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு.

— அதுல எழுதியிருந்துச்சுப்பா!

— எழுத்தா? ஒரு புள்ளிகூட இல்லையே. வெள்ளை வெளேர்னு இருந்துச்சு.

— அந்த வெள்ளையிலதான் எழுதியிருந்தேன்!

— ...பாப்பா, நீ காலையில ஏதாவது சாப்பிட்டியா?

— விளையாடாதீங்க! அது கண்ணுக்குத் தெரியாத எழுத்து. பினாப்தலீன்னு ஒண்ணு. அதை ஸ்பிரிட்ல கரைச்சு பிரஷ்ஷால எழுதினா, காய்ஞ்சதும் மறைஞ்சுடும். அப்புறம் மேடையில, எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கும்போது, சலவை சோடா தண்ணியைத் தெளிச்சா... அவ்வளவு எழுத்தும் ரோஸ் கலர்ல பளிச்சுனு எழுந்து வரும்!

— அடேங்கப்பா!

— என்ன அடேங்கப்பா? எதைத் தெளிச்சா வருமோ அதுலயே ஊறப் போட்டுத் துவைச்சிருக்கீங்க! ரெண்டு நாள் உக்காந்து எழுதினேன்!

— நான் என்ன கனவா கண்டேன்? எழுதினவ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல... ஆமா, உனக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது? வந்ததும் வராததுமா என்னை இந்த லேப்ல உக்கார வச்சுட்டு எங்க ஓடினே?

— கீழ ஒரு வேலை.

— என்ன வேலை?

— ஒரு வேலைப்பா. பேச்சை மாத்தாதீங்க. இங்க வாங்க. அந்தக் கதவிடுக்கு வழியா ஹாலை எட்டிப் பாருங்க.

— அம்மாடி! மொத்த ஸ்கூலும் இங்கதான் இருக்கு போல! ஸ்க்ரீன்ல என்ன? யாரோ பிள்ளைங்க கையாட்டறாங்க?

— வேற நாட்டு ஸ்கூல் பிள்ளைங்க. எங்களைப் பாத்துதான் ஆட்டறாங்க. இன்னிக்கு எத்தனையோ நாட்டு ஸ்கூலுங்க ஒண்ணா சேர்ந்து கெமிஸ்ட்ரி தினம் கொண்டாடறோம்ப்பா. ஒவ்வொரு ஸ்கூலும் ஒரு சோதனை செஞ்சு காட்டணும். அப்புறம் அந்த ஊர்ல கெமிஸ்ட்ரியால ஜனங்களுக்கு நல்லது செய்யற ஒருத்தரை மேடைக்கு அழைக்கணும். நாங்க நாலாவது.

— இப்போ எத்தனாவது?

— முதல்.

— அப்போ நேரம் கிடக்கே! அதுக்குப் போயி ஏன் அழறே?

— அழலை. வினிகர் பாட்டில் திறந்திருக்கு, அதான்.

— மூடித்தான் இருக்கு.

— இப்போதான் மூடினேன்! என்னோட முதல் வருஷம்ப்பா. ஹெச்எம் கால்ல விழாத குறையா கெஞ்சி இந்த இடத்தை வாங்கினேன். இப்போ போயி வெறும் துணியை மாட்டிட்டு நின்னா என்ன நெனப்பாங்க?

— இதுல என்ன இருக்கு! மார்க்கர் எடு, பெரிசா எழுது, மாட்டு. முடிஞ்சுது.

— மார்க்கர்ல எழுதினா அது அறிவிப்புப் பலகை. சோதனை எங்க?

— அதுவும் சரிதான்... ஏய், ஸ்க்ரீன்ல பாரு! பாட்டிலுக்குள்ளேருந்து நுரை வருது! நிக்கவே மாட்டேங்குது! கூரையைத் தொட்டுடும் போல! அடடா... என் மெஷின்ல ஒருநாள் இப்படித்தான் பொங்குச்சு. அன்னிக்கு யாரும் கைதட்டலை. உங்க அம்மா துடைப்பத்தோட வந்தா.

— அப்பா, ப்ளீஸ். யோசிக்க விடுங்க... இந்தப் பாட்டில்ல அந்த மருந்து இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. சின்னதா எழுதலாம். மறுபடி எழுதிடலாம்!

— அப்படிப் போடு! என்ன எழுதணும்? முன்னாடி என்ன எழுதியிருந்தே?

— சிறப்பு விருந்தினர் யாருன்னு.

— யாரு?

— எழுத்து வந்தப்புறம்தான் தெரியணும். அதுதான் சுவாரசியமே.

— என்கிட்ட சொன்னா என்ன? நான் என்ன மைக்கைப் பிடுங்கியா கத்தப் போறேன்?

— நீங்களா? போன வாரம் அம்மாவுக்கு ரகசியமா செருப்பு வாங்கலாம்னு உங்ககிட்ட சொன்னேன். வீட்டுக்குள்ள நுழையும்போதே “ஏம்மா, உன் கால் அளவு என்ன?”ன்னு கேட்டீங்க.

— அளவு தெரியாம எப்படி வாங்கறது?... தண்ணி போர்டு இன்ஜினியரா?

— இல்ல.

— நல்ல மனுஷன் பாப்பா அவரு. குளோரின் போட்டு ஊருக்கே தண்ணி கொடுக்கறாரு. டை கட்டுவாரு.

— டை கட்டினா கெமிஸ்ட்ரியா?

— மேடைக்கு எடுப்பா இருக்கும்ல. சரி, மருந்துக்கடை அம்மா?

— இல்ல.

— பெயின்ட் கம்பெனி மேனேஜர்? இங்கிலீஷ்ல பொளந்து கட்டுவாரு. ஸ்க்ரீன்ல இருக்கற பிள்ளைங்களுக்கும் புரியும். இன்னும் நேரம் இருக்கு, ஒரு போன் போட்டா ஓடி வந்துடுவாரு.

— உங்களுக்கு எதுக்குப்பா இந்தக் கவலை?

— சும்மாதான்... ஆளு பாக்க லட்சணமா இருக்கணும். உனக்கும் ஒரு மரியாதை.

— எங்க விருந்தினர் லட்சணமாத்தான் இருப்பாரு. கொஞ்சம் படுத்தற ஆளு, அவ்வளவுதான்.

— படிச்ச திமிரா?

— திமிர் இல்ல. வாய்.

— ...சரி, நீ எழுது. நான் கிளம்பறேன். ஆஸ்பத்திரிக்கு விரிப்பு கொண்டு போகணும்.

— அது நேத்து சாயங்காலமே போயாச்சு. அம்மாகிட்ட கேட்டுட்டேன்.

— உங்க அம்மாவுக்கு வாயில ஒரு பூட்டு போடணும். சரி, வேற வேலை இருக்கு... வேன் சாவி எங்க? இந்தக் கண்ணாடிக் குழாய் ஸ்டாண்டுக்குப் பக்கத்துலதானே வச்சேன்?

— எனக்கு என்ன தெரியும்?

— இங்கதான்... இந்தப் புனலுக்கும் அந்தக் குடுவைக்கும் நடுவுல...

— கண்ணாடியைத் தொடாதீங்க! போதும், இன்னிக்கு நீங்க தொட்டது.

— நீ எடுத்தியா? உன் கையில சாவியைக் கொடுக்கவே எனக்குப் பயம். போன மாசம் ஓட்டக் கத்துக்கொடுத்தப்போ கடை ஷட்டரையே மடிச்சு வச்சே.

— அது ஷட்டர் மேல தப்பு. வேன் எங்க நிக்குது? வழக்கம் போல தெருமுனையிலயா?

— பின்ன? வாசல்ல பெரிய மனுஷங்க கார் வரும். நீ இந்த ஸ்கூல்ல ஆறாம் கிளாஸ் சேர்ந்ததுலேருந்து எனக்கு அந்த முனைதான் ராசி.

— ம்.

— என்ன ம்?

— ஒண்ணுமில்ல. இந்த லேப் கோட்டைப் போட்டுக்கோங்க. மருந்து சட்டையில சொட்டிடும்.

— இது நான் துவைச்ச கோட்டு.

— தெரியும். போடுங்க. அந்த முனையை ஆணியில மாட்டுங்க... இழுத்து... இன்னும்... அப்படித்தான். இப்போ சுவரைப் பாத்துத் திரும்பி நில்லுங்க.

— நான் என்ன வீட்டுப்பாடம் எழுதாத பையனா?

— அதைவிட மோசம். திரும்புங்க.

— திரும்பிட்டேன். இந்தச் சுவருக்கு ஒரு வெள்ளை அடிச்சா என்ன?

— பேசாம இருங்க... “எ”... ஐயையோ!

— என்னாச்சு? கை சுட்டுடுச்சா?

— ரோஸ்! எழுதின உடனே ரோஸா வருது! திரும்பாதீங்க!

— ரோஸ்தானே வரணும்னே?

— இப்போ வரக்கூடாதுப்பா! மேடையில வரணும்! துணியில சோடா மிச்சம் இருக்கு. நீங்க சரியா அலசலை.

— என்ன சொன்னே? அலசலையா? வாயைக் கழுவு! மூணு தடவை அலசினேன்!

— கடைசி அலசல்ல வினிகர் விட்டீங்களா?

— ...மறந்துட்டேன்.

— மறந்துட்டீங்களா? நீங்களா?

— டீச்சர்! உள்ள இருக்கீங்களா? ரெண்டாவது ஸ்கூல் ஆரம்பிச்சாச்சு!

— வாங்க ஹெச்எம் மேடம்... இதோ, முடிஞ்சுடுச்சு... முடியப் போகுது...

— அட, சார்! வந்துட்டீங்களா! வணக்கம் வணக்கம்! உங்களைத்தான் எல்லாரும்—

— மேடம்! மைக் வேலை செய்யுதா?

— நானே “ஹலோ”ன்னு கத்திப் பாத்துட்டேன். சார், நீங்க கொஞ்சம் மெதுவா, நிறுத்தி நிறுத்திப் பே—

— மேடம், இங்க ஒரே ஸ்பிரிட் வாடை! தலை சுத்தும்! வெளிய நில்லுங்க!

— ஓ... ஓ! சரி சரி. நான் ஒண்ணுமே சொல்லலை. சார், கோட்டு உங்களுக்கு எடுப்பா இருக்கு. அப்புறம் டீச்சர், நம்ம கேட்டுல ஒரு—

— அது அப்புறம், மேடம்!

— சரி, சரி, அப்புறம். சீக்கிரம்!

— பாப்பா, உங்க ஹெச்எம் ஏன் என்னைப் பாத்து அப்படிச் சிரிக்கறாங்க?

— எல்லாரையும் பாத்து சிரிப்பாங்க.

— நேத்து வரைக்கும் சிடுமூஞ்சின்னியே.

— அப்பா, வினிகர்! உங்க தெளிக்கற பாட்டில் எங்க?

— இதோ. கோட்டு மாறினாலும் பாட்டில் இடுப்புலதான் இருக்கும்.

— தண்ணியில கலந்து, லேசா, துணி முழுக்க தெளிங்க. துணியில மிச்சம் இருக்கற சோடாவை அது சரிக்கட்டிடும். நிறைய விட்டுடாதீங்க, அப்புறம் மேடையில சோடா தெளிச்சாலும் எழுத்து வராது.

— எனக்கா சொல்றே? பூ மாதிரி விழும் பாரு... ம்ம்! அந்த ரோஸ் கோடு மறையுது! பாரு, பாரு! ஆளே காணோம்!

— அதான்ப்பா கெமிஸ்ட்ரி.

— நாத்தம் மட்டும் சாலட் கடை மாதிரி இருக்கு.

— இஸ்திரிப் பெட்டி இருக்கா? ஈரம் போகணும். ஈரத்துல எழுதினா பரவிடும்.

— மேடையில மாட்டறதுக்கு முன்னாடி ஒரு இழுப்பு இழுக்கலாம்னு கொண்டு வந்தேன். பிளக் எங்க? ...ஆங். சூடாகட்டும். அதுக்குள்ள அங்க பாரு பாப்பா, ஸ்க்ரீன்ல சேறும் தண்ணியுமா ஒரு ஜாடி!

— படிகாரம் போடப் போறாங்க.

— போட்டாச்சு! ...அடியில இறங்குது! இறங்குது! அட, மேல தெளிஞ்சுடுச்சே! கண்ணாடி மாதிரி! யாரு அந்த ஆளு, தொப்பி போட்டவரு?

— அவங்க ஊர்த் தண்ணித் தொட்டியைப் பாத்துக்கறவரு. பிள்ளைங்க எப்படிக் கைதட்டறாங்க பாருங்க.

— தட்ட வேண்டியதுதான்! என்ன வேலை! சபாஷ்! ...பெட்டி சூடாயிடுச்சு. தள்ளு, நான் போடறேன்.

— போட்டுக்கிட்டே பதில் சொல்லுங்க. ஏன் மறந்தீங்க?

— எதை?

— வினிகரை. நான் பொறந்ததுலேருந்து பாக்கறேன். காய்ச்சல்ல நடுங்கிக்கிட்டே துவைச்சிருக்கீங்க, மறந்ததில்ல. கரண்ட் இல்லாம இருட்டுல துவைச்சிருக்கீங்க, மறந்ததில்ல. கடைசி அலசல்ல ஒரு மூடி வினிகர். நேத்து மட்டும் எப்படி?

— வயசாகுதுல்ல.

— நேத்து ஆஸ்பத்திரி விரிப்புக்கு விட்டீங்களா?

— விட்டேன்.

— அப்போ சாயங்காலம் வரைக்கும் வயசாகலை. என் துணியைத் தொட்டதும் வயசாயிடுச்சா?

— இந்த மடிப்பு பாரு, போகவே மாட்டேங்குது...

— அப்பா. துவைக்கும்போது தண்ணி ரோஸா வந்திருக்கும்.

— வந்துச்சு வந்துச்சு. யாரோட சிவப்புச் சட்டையோ கூட விழுந்துடுச்சுன்னு நெனச்சேன். அதான் மூணு தடவை அலசினேன்.

— இதை ஏன் முதல்லயே சொல்லலை?

— நீ கேக்கலையே.

— சரி. ஓரத்துல கறை இருந்துச்சுன்னீங்க. கறை இருந்தா ஊறப் போடறதுக்கு முன்னாடி என்ன செய்வீங்க?

— ...என்ன செய்வேன்?

— துணியை மேசையில விரிச்சு, சோடாத் தண்ணியைத் தெளிப்பீங்க. துணி முழுக்க. இதே பாட்டிலால. எழுத்து வந்துச்சு. இல்லையா?

— பெட்டி ரொம்ப சூடாயிடுச்சு போல...

— அப்பா.

— ...எவ்வளவு பெரிய எழுத்து பாப்பா! ஒவ்வொண்ணும் என் கை அகலம். வெறும் துணியிலேருந்து ஒண்ணொண்ணா எழுந்து வருது. ரோஸ் கலர்ல. பயந்தே போயிட்டேன். பாட்டிலைக் கீழ போட்டுட்டேன். அப்புறம்தான் படிச்சேன்.

— முழுசாவா?

— ரெண்டு தடவை. முதல் தடவை கண்ணாடி போடலை.

— என்ன எழுதியிருந்துச்சு?

— உனக்குத் தெரியாதா?

— நீங்க சொல்லுங்க.

— “இன்றைய சிறப்பு விருந்தினர்... எங்கள் டீச்சரின் அப்பா... லாண்ட்ரிக்காரர்.”

— படிச்சுட்டுத் துவைச்சீங்க.

— ஆமா.

— தெரிஞ்சே.

— தெரிஞ்சேதான். அந்த எழுத்தே கண்ணுல நின்னுச்சு. அதுல வினிகர் மறந்துபோச்சு.

— அதுக்கப்புறம்தான் தண்ணி போர்டு இன்ஜினியர், டை, இங்கிலீஷ் எல்லாம்... கால் மணி நேரமா என்னை வச்சு நாடகம்!

— நீ மட்டும்? “படுத்தற ஆளு, வாய்”னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னே!

— பொய்யா?

— ...இல்ல.

— ஏன்ப்பா அப்படி செஞ்சீங்க?

— என் கையைப் பாரு. சோடா தின்னு தின்னு விரல்ல ரேகையே இல்ல. சட்டையைப் பாரு, பிளீச்சிங் பட்டு அங்கங்க ஓட்டை. அந்த ஸ்க்ரீன்ல எத்தனை நாடு பாக்குது! எல்லாரும் பெரிய பெரிய ஆளா கூட்டிட்டு வருவாங்க, உன் ஸ்கூல் மட்டும் அழுக்குத் துணி மூட்டை தூக்கற ஆளையா? நாளைக்கு ஒருத்தன் கரும்பலகையில நம்ம வேன்ல இருக்கற சட்டை படத்தை வரைஞ்சு வச்சா, நீ எந்த முகத்தோட பாடம் எடுப்பே?

— அதனால நீங்களே முடிவு பண்ணிட்டீங்க.

— வெறும் துணியைப் பாத்து யாரும் சிரிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். சோதனை, ஸ்க்ரீன், இதெல்லாம் எனக்குத் தெரியாது பாப்பா. நீ அழுவேன்னும் தெரியாது.

— அழலைன்னு சொன்னேன்ல.

— ஆமா. வினிகர்.

— உங்களை நான் தேர்ந்தெடுக்கலைப்பா. என் கிளாஸ் பிள்ளைங்க ஓட்டுப் போட்டாங்க. உங்க தண்ணி போர்டு இன்ஜினியரும் நின்னாரு. தோத்துட்டாரு.

— டை கட்டியுமா?

— டை கட்டியும்.

— ஏன்? என்னைப் பாத்ததுகூட இல்லையே அந்தப் பிள்ளைங்க?

— ஆஸ்பத்திரி விரிப்பெல்லாம் யாரு துவைக்கறாங்கன்னு ஒரு பொண்ணு கேட்டா. எங்க அப்பான்னேன். வெந்நீர், சோடா, பிளீச்சிங், கடைசியா ஒரு மூடி வினிகர்... எது எதைக் கொல்லும், எது எதைச் சரிக்கட்டும்னு படம் போட்டு விளக்கினேன். அப்போ பின்பெஞ்சுல ஒருத்தன் எழுந்தான். “டீச்சர், நான் அந்த ஆஸ்பத்திரியிலதான் பொறந்தேன். அப்போ நான் முதல்முதல்ல படுத்த துணியைத் துவைச்சது உங்க அப்பாவா?”ன்னான். அவ்வளவுதான். “நானும் அங்கதான், நானும் அங்கதான்”னு பாதி கிளாஸ் எழுந்து நின்னுடுச்சு. அப்புறம் எங்க ஓட்டு எண்ணறது.

— ...வினிகர் பாட்டிலை மூடு பாப்பா.

— மூடித்தான் இருக்குப்பா.

— டீச்சர்! மூணாவது ஸ்கூல் வந்தாச்சு! அடுத்தது நாம!

— வந்துடறோம் மேடம்! ...அப்பா, துணி காய்ஞ்சுடுச்சா?

— மொறுமொறுன்னு இருக்கு. பிடி!

— திரும்பி நில்லுங்க.

— இன்னுமா? எனக்குத்தான் தெரிஞ்சுபோச்சே!

— முன்னாடி எழுதினதுதான் தெரியும். இப்போ மருந்து கொஞ்சம்தான் இருக்கு, அவ்வளவு நீளமா எழுத முடியாது. குறைக்கணும்.

— எதை வெட்டப் போறே?

— “சிறப்பு விருந்தினரை” வெட்டிட்டேன். “லாண்ட்ரிக்காரரை”யும் வெட்டிட்டேன்.

— அப்போ மிச்சம் என்ன?

— மேடையில நீங்களே தெளிச்சுப் பாத்துக்கோங்க. பாட்டிலைக் கழுவி சோடாத் தண்ணி ஊத்தியாச்சு. உங்க கைதான் பூ மாதிரி தெளிக்கும். ...எழுதியாச்சு! ரோஸ் வரலை! ஒரு துளி வரலை! அப்பா, வெள்ளையா இருக்கு!

— சரியாயிடுச்சா! சபாஷ்! தள்ளு, ஒரு இழுப்புல காய வச்சுடறேன்...

— இஸ்திரி வேண்டாம்! அது ஸ்பிரிட்! பத்திக்கும்! பிளக்கைப் பிடுங்குங்க!

— பிடுங்கிட்டேன், பிடுங்கிட்டேன்! கத்தாதே, உலகமே பாக்குது!

— இந்த அட்டையால விசிறுங்க. ரெண்டு பக்கமும்!

— இப்படியா? ...பாப்பா, ஸ்க்ரீன்ல யாரு அது? சட்டை பூரா பெயின்ட்டு?

— அவங்க ஊர்ல இருக்கற இரும்புப் பாலத்துக்கு பெயின்ட் அடிக்கறவரு. துரு பிடிக்காம அவருதான் காப்பாத்தறாரு.

— என் சட்டையைவிட மோசமா இருக்கே!

— அதான் சொல்றேன்.

— அவரு பாட்டுக்கு ஜம்முனு நிக்கறாரு பாரேன்... பிள்ளைங்க அவரு கையைப் பிடிச்சு ஆட்டறாங்க... என்ன சொல்றாரு? ஒண்ணும் புரியலை. ஆனா சிரிப்பு வருது!

— புரியலைன்னாலும் கைதட்டறாங்கல்ல. விசிறுங்கப்பா!

— விசிறிட்டுத்தான் இருக்கேன்... பாப்பா.

— என்ன?

— மேடைக்கு வரேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். நேரா பதில் சொல்லணும். ம், ஒண்ணுமில்ல, அப்புறம், இதெல்லாம் கூடாது.

— கேளுங்க.

— நீயா ஒருநாளும் வேனைத் தெருமுனையில நிறுத்துன்னு சொன்னதில்ல. ஆனா “வாசல் வரைக்கும் வரட்டுமா?”ன்னு நான் கேட்டா, “எதுக்குப்பா, நடந்துக்கறேன்”னு சொல்லிட்டு இறங்கி ஓடிடுவே. திரும்பிக்கூட பாக்க மாட்டே. அப்புறம் நானும் கேக்கறதை விட்டுட்டேன். உனக்கு... அந்த வேனால... என்னால... வெக்கமா இருந்துச்சா?

— டீச்சர்! நம்ம ஸ்கூல் பேரைச் சொல்லிட்டாங்க! சார், வாங்க!

— இதோ மேடம்! ஒரு நிமிஷம்! ...இருந்துச்சுப்பா. எட்டாம் கிளாஸ்ல. வேன் பக்கவாட்டுல நீங்க வரைஞ்ச அந்தச் சிரிக்கற சட்டை இருக்குல்ல... ஒரு கண்ணு அழிஞ்சுபோயி, கண்ணடிக்கற மாதிரி நிக்குமே. அதைப் பாத்து எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன், யாரோட வேனோ மாதிரி. ஒரு வருஷம் அப்படி இருந்துச்சு. அப்புறம் போயிடுச்சு. போயிடுச்சுன்னு உங்ககிட்ட வந்து எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை.

— நேரா சொல்லிட்டே. சந்தோஷம். ...அப்போ இப்போ?

— அந்த ஜன்னல் வழியா கீழ பாருங்க. உங்களை இங்க உக்கார வச்சுட்டு மூச்சு வாங்க ஓடினேனே, அது உங்க சாவியை எடுத்துக்கிட்டுத்தான். வேன் ஸ்கூல் வாசல் நடுவுல நிக்குதுப்பா, கண்ணடிக்கற பக்கம் ரோட்டைப் பாத்து. கேட்டுல மட்டும் ஒரு கீறல் விழுந்துடுச்சு... அதை மைக்ல சொல்லிடாதீங்க. பாட்டிலை எடுத்துக்கிட்டு வாங்க.